முதலில் காகிதம், பிறகு காசு!
(சரவணம்பட்டித் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சத்தி ரோட்டில் பஸ்ஸில் வரும்போதே பார்த்திருப்பீர்கள்: இருபுறமும் மனை விற்பனைப் பலகைகள். 2011-ல் இந்த ஊர் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகளும் வந்தன. காடெல்லாம் சைட் ஆகிறது. மில்லில் இருபது வருஷம் உழைத்துச் சேர்த்த பி.எஃப். பணத்தை, "இன்றைக்கே அட்வான்ஸ் போடுங்கள்" என்கிற தரகர் பேச்சை நம்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

மூலப்பத்திரத்தின் அசலைக் கேளுங்கள். பதிவு ஆபீசில் முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவான கிரயமும் அடமானமும் அதில் தெரியும். பதியாத வாரிசுப் பாத்தியம் தெரியாது. ஆகவே பட்டா யார் பேரில், பங்காளிகள் எத்தனை பேர் என்று அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள்.

மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா? அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவை 2016-ல் சென்னை ஹைகோர்ட்டே நிறுத்தியது, மறவாதீர்கள்.

அதே 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் என்ன சொல்கிறது? ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல், மனை பிரித்து விற்பவர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. பத்து லட்ச ரூபாய் மனைக்கு ஒரு லட்சம். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பத்திரம் படிக்கத் தெரியவில்லையா? வெட்கம் வேண்டாம். சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். தனியாகப் போய்க் கையெழுத்துப் போடாதீர்கள்!