கோட்டைக்குள் ஒரு கந்தோர்



களுதாவளையில் வெற்றிலைத் தோட்டம் செய்த என் அப்பப்பா, மட்டக்களப்புப் பட்டினத்துக்குப் புறப்படும் நாட்களில் "கந்தோருக்குப் போறன் மனே, வாறியா?" என்று கேட்பார். பஸ் கல்லடிப் பாலம் தாண்டும். புளியந்தீவில் இறங்கி, வாவிக்கரையில் நிற்கும் கோட்டைக்குள் நுழைவோம். எனக்கு அது பெரும் புதிர். கந்தோர் என்றால் மேசை, கோவை, கடதாசி. கோட்டை என்றால் பீரங்கி. இவை இரண்டும் எப்படி ஓரிடத்தில் குடியிருக்கின்றன?

போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை அது. பத்து வருடத்திலேயே, 1638இல், கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். இலங்கையில் அவர்கள் கைப்பற்றிய முதற் கோட்டை இதுவே. அளவிற் சிறியது. நான்கு மூலையிலும் கொத்தளங்கள். இரு பக்கம் வாவி, மறு இரு பக்கம் அகழி. வாசலில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையை இன்றும் பார்க்கலாம். பின்னர் வந்த ஆங்கிலேயர் இதற்குள் மாவட்ட நிருவாகத்தை இருத்தினர். கோட்டை கச்சேரியாயிற்று.

அந்நியரை வெளியே நிறுத்தக் கட்டிய மதில், காணிப் பத்திரத்துக்கும் நிவாரணத்துக்கும் ஊர்ச்சனம் முழுவதும் உள்ளே வரவேண்டிய வாசலாக மாறியதுதான் வேடிக்கை.

சொற்களும் அப்படித்தான் உள்ளே வந்தன. 'கந்தோர்' ஒல்லாந்தரின் சொல். 'கச்சேரி' ஆங்கிலேயர் இந்திய ஆட்சியிலிருந்து கொண்டுவந்த இந்துஸ்தானிச் சொல். அந்த அறையின் சன்னல், அலுமாரி, அலுமாரியின் சாவி மூன்றும் போர்த்துக்கேயம். மூன்று ஆட்சிகளும் போய்விட்டன. அப்பப்பாவுக்கு இவற்றில் எதுவும் அந்நியச் சொல்லாகத் தோன்றியதில்லை. எனக்குத்தான் தோன்றியது. பட்டம் பெற்று ஆசிரியனான புதிதில், கட்டுரைக் கொப்பிகளில் 'கந்தோர்' வந்தால் சிவப்பு மையால் வெட்டி 'அலுவலகம்' என்று எழுதுவேன். பல வருடங்கள் அப்படிச் செய்தேன். 'அலுவலகம்' நல்ல சொல்தான். ஆனால் வெட்டியது எதை என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பழைய கட்டடங்களைக் கந்தோராக்குவதில் கெடுதியும் உண்டு. பெரிய மண்டபம் பலகைத் தடுப்புகளால் கூறுபடும். தடித்த சுவரில் வயர்க் குழாய்கள் ஓடும். இருந்தாலும் ஆள் புழங்கும் கூரைக்குத்தான் உடைந்த ஓடு மாற்றுவார்கள். அயர்லாந்தின் டப்ளின் நகரில், ஜோர்ஜ் மன்னர்கள் காலத்து மாடிவீடுகள் பல கந்தோர்களாகித் தப்பின. ஆனால் அதே நகரத்தில் 1960களில் மின்சார சபையொன்று, தன் தலைமையகத்துக்குப் புதுக் கட்டடம் வேண்டுமென்று, ஒரே வரிசையில் 16 வீடுகளை இடித்துத் தள்ளியது. எங்கள் நாட்டில் யாழ்ப்பாணக் கோட்டையின் கதை வேறு. போர்க்காலத்தில் அது படைமுகாம். 1990 முற்றுகையோடு அதற்குள்ளிருந்த ஒல்லாந்தத் தேவாலயமும் அழிந்தது. மட்டக்களப்புக் கோட்டை 1978ஆம் ஆண்டுச் சூறாவளியையும் கண்டது, போரையும் கண்டது. இன்னும் நிற்கிறது. அதற்குப் பீரங்கியை விட எழுதுவினைஞரின் மேசையே கூடிய காவலாக இருந்தது என்பது என் எண்ணம்.

2024இல் திராய்மடுவில் புதிய மாவட்டச் செயலகம் திறக்கப்பட்டது. வசதியான கட்டடம், சனத்துக்கு அது தேவைதான். என் கவலை பழைய கட்டடத்தைப் பற்றியது. வெறுமனே பார்வைக்கு வைத்துப் பூட்டிவிட்டால், வாவிக்காற்றின் உப்பும் ஆலங்கன்றும் தம் வேலையைத் தொடங்கிவிடும். சுற்றுலாப் பயணி வரட்டும், படமெடுக்கட்டும். அதோடு, ஊர் மனிதர் ஏதாவதொரு அலுவலாய்ப் போய்வர ஒரு வாசிப்பறையோ பழைய ஆவணங்களைப் பார்க்க ஓர் இடமோ அங்கே இருக்க வேண்டும்.

சென்ற தவணையில் ஒரு மாணவியின் கட்டுரையில் 'கந்தோர்' வந்தது. வியப்பாயிருந்தது. எங்கே கேட்டாய் பிள்ளை என்றேன். "அம்மம்மா சொல்றவ, சேர். பிழையா?" என்றாள்.

பிழையில்லை என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.