பைக்குக்காக வெல்ட் பண்ணுங்கள், பைக்கில் வெல்ட் பண்ணாதீர்கள்

(தோட்ட இளைஞர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் ஊழியர் சேமலாப நிதி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், டெங்கு என்று பேசுவேன். இன்றைக்குப் பேசப் போவது வெல்டிங்கைப் பற்றி. நலன்புரி உத்தியோகத்தருக்கும் வெல்டிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிக்கலாம். நம்முடைய தோட்டத்தில் இப்போது நாலைந்து வீட்டுப் பின்பக்கத்தில் சின்ன வெல்டிங் பிளான்ட் இருக்கிறது. பொழுது பட்டால் நீல வெளிச்சம் தெரிகிறது. அது நல்ல காரியம்தான். அந்த வெளிச்சம் கண்ணையும் கூரையையும் கெடுக்கக் கூடாது, அந்த வேலை ஒரு தொழிலாகவும் வர வேண்டும். அதற்காகத்தான் பேசுகிறேன்.

புத்தளம் கரையில் மோட்டார் சைக்கிள் இல்லாமல் பிழைப்பு இல்லை. உடப்பிலும் கற்பிட்டியிலும் மீன் பெட்டி கட்டிக்கொண்டு விடியற்காலையில் போகிறவர்கள் பைக்கில்தான் போகிறார்கள். தேங்காய் மூட்டை, மாட்டுக்குப் புல்லு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடுவது எல்லாம் அதே பைக்தான். 2020 மார்ச் மாதம் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 இல்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது. நடுவில் 2022 இல் கியூ.ஆர். முறை தொடங்கியபோது ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர் பெற்றோல்தான் கிடைத்தது. அந்த வருசங்களில் பழைய பைக்கைத் திருத்தித் திருத்தி ஓடினோம். நம் பிள்ளைகள் கையில் ஸ்பேனரும் கிரைண்டரும் வந்தது அப்படித்தான். அந்தப் பழக்கத்தை இப்போது ஒழுங்காகப் படிக்க வேண்டும்.

வெல்டிங் என்றால் என்ன? அரசாங்கப் பத்திரங்களில் காய்ச்சி இணைத்தல் என்று எழுதுவார்கள். பெயரிலேயே விசயம் இருக்கிறது. இரும்பு சுமார் 1500 பாகை செல்சியஸில் உருகும். ரொட்டின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் எரியும் மின்வில்லின் சூடு அதைப் போல மூன்று நாலு மடங்கு. இரண்டு பக்கத்து இரும்பும் உருகி, ரொட்டும் உருகி, மூன்றும் ஒன்றாக இறுகினால்தான் அது வெல்டிங். மேலே மெழுகு வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் அது பார்வைக்கு மட்டும்தான். ஒரு தட்டில் பிரிந்து வரும்.

ஆகவே முதல் மாதம் எந்தச் சாமானும் செய்யாதீர்கள். 3 மி.மீ., 4 மி.மீ. பழைய தட்டைக் கம்பித் துண்டுகளை எடுங்கள். துருவையும் பெயின்டையும் கிரைண்டரால் நீக்கிப் பளபளப்பாக்குங்கள். 2.5 மி.மீ. ரொட் என்றால் 60 முதல் 90 அம்பியருக்குள் வைத்து நேர்க்கோடு இழுத்துப் பழகுங்கள். கரண்ட் குறைந்தால் ரொட் ஒட்டிக்கொள்ளும், கோடு மேடாக நிற்கும். கூடினால் ஓரத்தில் பள்ளம் விழும், மெல்லிய இரும்பு ஓட்டையாகும். கோடு நேராக வந்த பிறகு இரண்டு துண்டை ஒட்டி, ஆறவிட்டு, வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து வளைத்து உடைத்துப் பாருங்கள். உள்ளே பாதி மட்டும் பிடித்திருக்கிறதா, கறுப்புக் கசடு இருக்கிறதா என்று அந்த உடைப்பே சொல்லும். பாஸ்மார் வாயால் சொல்லித் தருவதை விட இந்த உடைத்த துண்டு கூடச் சொல்லித் தரும்.

அடுத்தது, என்ன செய்யலாம் என்ற கேள்வி. இதில்தான் நான் இன்றைக்குச் சொல்ல வந்த முக்கியமான விசயம் இருக்கிறது. பைக்குக்காக வெல்ட் பண்ணுங்கள், பைக்கில் வெல்ட் பண்ணாதீர்கள்.

பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட், கழற்றிய என்ஜினை வைக்கும் சட்டம், வைஸ் பூட்டும் மேசை, ஸ்பேனர் மாட்டும் தட்டு, இதெல்லாம் வீட்டுப் பட்டறைக்குத் தேவையான சாமான்கள். இவற்றில் ஒட்டு விட்டால் சாமான் சாயும், திருப்பி ஒட்டலாம். ஆள் மட்டும் தூக்கி நிறுத்திய பைக்குக்கு அடியில் படுக்கக் கூடாது. கை நன்றாகப் பழகிய பிறகு பின்பக்கக் கரியர் செய்யலாம். முக்கால் அங்குல பொக்ஸ் பார் போதும், மெல்லியது என்பதால் 2 மி.மீ. ரொட் நல்லது. நாலு மூலையிலும் முதலில் சின்னப் பொட்டு வைத்து, மூலைக்கு மூலை அளந்து, இரண்டு அளவும் சரியாக வந்த பிறகுதான் முழுவதும் ஒட்ட வேண்டும். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் சூட்டில் சட்டம் கோணிப் போகும்.

செய்த கரியரைப் பைக்கில் ஏற்கனவே இருக்கும் போல்ட் துளைகளில் பூட்டுங்கள். பைக்கின் சட்டத்தில் வைத்து ஒட்டாதீர்கள். அந்தச் சட்டம் மெல்லிய குழாய். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் இரும்பின் குணம் மாறிவிடும். நம் றோட்டில் ஓடும் ஆட்டத்தில் மயிர் போல ஒரு வெடிப்பு அந்த ஓரத்தில் தொடங்கும். பெயின்டுக்கு அடியில் அது தெரியாது. தெரியும்போது பைக் ஓடிக்கொண்டிருக்கும், பின்னால் பிள்ளை இருக்கும்.

ஹேன்டில் திரும்பும் கழுத்து, முன் போர்க், பின் ஸ்விங் ஆர்ம், அச்சு, பிரேக் பெடல், இந்த ஐந்திலும் வீட்டில் கை வைக்க வேண்டாம். வெடித்திருந்தால் சாமானை மாற்றுங்கள், அல்லது தகுதியுள்ள பாஸிடம் கொண்டு போங்கள். அலுமினியம் வார்ப்புச் சாமான்கள் நம் சாதாரண ரொட்டுக்குப் பிடிக்கவே பிடிக்காது. செஸி இலக்கம் அடித்திருக்கும் இடத்தைத் தேய்க்கவோ அதன் மேல் ஒட்டவோ கூடாது, அது சட்டப் பிரச்சினை.

பெற்றோல் தாங்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாங்கி ஓட்டை என்று ஒட்டப் போகாதீர்கள். ‘பெற்றோல் எல்லாம் ஊற்றிவிட்டேன், காலி’ என்பார்கள். காலித் தாங்கிதான் கூட ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவி காற்றோடு கலந்து, ஒரு பொறிக்கு வெடிகுண்டு மாதிரி வெடிக்கும். தண்ணீரால் இரண்டு தரம் கழுவினாலும் மடிப்புகளுக்குள் பெற்றோல் நிற்கும். பைக்குக்குப் பக்கத்தில் வேறு வேலை செய்தாலும் முதலில் தாங்கியைக் கழற்றித் தூரத்தில் வையுங்கள். கரியரைக்கூட ஒட்டுவதற்கு முன் பைக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். பூட்டியபடியே ஒட்டினால் வெல்டிங் கரண்ட் பெயாரிங், வயர், பெட்டரி எல்லாவற்றுக்குள்ளாலும் வழி தேடிப் போகும்.

நம்முடைய ஊருக்கென்று சில விசயங்கள் உண்டு. புத்தளம் உப்பு விளைகிற மண். அதே உப்புக் காற்றுத்தான் பைக்கையும் தின்கிறது. மீன் பெட்டியிலிருந்து வடியும் தண்ணீரும் உப்புத்தான். ஆகவே ஒட்டி முடித்ததும் கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, அன்றைக்கே ரெட் ஒக்சைட் பூசுங்கள். காய்ந்த பிறகு மேலே இரண்டு தரம் பெயின்ட். குழாயின் வாயைத் திறந்தபடி விடாமல் மூடி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளாலே துருப்பிடிக்கும். ரொட்டுகளும் இந்த ஈரக் காற்றில் பழுதாகும். ஈரம் பட்ட ரொட் பொரிந்து பொரிந்து எரியும், ஒட்டில் துளை துளையாக விழும். மூடியுள்ள பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று நெருப்பு. கிடுகு வேலி, கிடுகு கூரை, மட்டை, தும்பு, கொப்பரா, நம் தென்னந்தோட்டத்தில் இருப்பதெல்லாம் எரிகிற சாமான். கிரைண்டர் பொறி பல அடி தூரம் பாயும். தும்புக் குவியலில் விழுந்த பொறி உடனே எரியாமல், உள்ளுக்குள் கனன்று, எல்லாரும் படுத்த பிறகு எரியும். தகரக் கூரையும் சீமெந்துத் தரையும் உள்ள இடத்தில் மட்டும் வேலை செய்யுங்கள். பக்கத்தில் இரண்டு வாளி மணல் வையுங்கள். வேலை முடிந்து அரை மணித்தியாலம் அந்த இடத்தில் இருந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

லயத்து வயரிங்கில் 5 அம்பியர் பிளக்கில் பிளான்டைக் குத்தக் கூடாது. வயர் சூடாகிச் சுவருக்குள்ளேயே உருகும். மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு தனி வயர், ஏர்த், ட்ரிப் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள். ரொட் பிடிக்கும் கைப்பிடியில் சும்மா இருக்கும்போதே 60, 70 வோல்ட் இருக்கும். மழை ஈரத்தில், வெறுங்காலோடு, வியர்த்த கையோடு அதைத் தொடுகிறவருக்கு அது போதும்.

கண்ணைப் பற்றித் தாய்மாருக்குச் சொல்கிறேன். வெயில் கண்ணாடி போட்டு வெல்டிங் பார்த்த பிள்ளைக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு ஏழு மணித்தியாலம் கழித்து, நடு இராத்திரியில், கண்ணுக்குள் மணல் கொட்டிய மாதிரிக் கத்துவான். தாய்ப்பால், உருளைக்கிழங்கு என்று கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வெல்டிங் முகமூடியில் 10ஆம் இலக்கக் கறுப்புக் கண்ணாடி இருக்க வேண்டும். வேடிக்கை பார்க்கச் சின்னப் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.

புகையும் விசம்தான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2017 இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. காற்றோட்டமான இடத்தில், புகை முகத்துக்கு வராத பக்கமாக நின்று செய்யுங்கள். நாகம் பூசிய ஜி.ஐ. குழாயை அப்படியே ஒட்டினால் வெள்ளைப் புகை வரும். அன்று இராத்திரி காய்ச்சலும் குளிரும் நடுக்கமும் வரும். அந்தப் பூச்சை முகமூடி போட்டுத் தேய்த்து நீக்கிவிட்டு ஒட்டுங்கள்.

கடைசியாக, தொழிலைப் பற்றி. கை வேலை தெரிந்தவன் நம்மிடம் நிறைய. கையில் பத்திரம் உள்ளவன் குறைவு. நுரைச்சோலை மின்நிலையம் போன்ற பெரிய இடத்திலோ வெளிநாட்டிலோ வேலை என்று போனால் முதலில் கேட்பது அந்தப் பத்திரத்தைத்தான். தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ., 1 முதல் 7 வரை உண்டு. 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தொழிற் பயிற்சி அதிகார சபையில் வகுப்பில் இருந்து படிக்கலாம். நைட்டா என்று சொல்லும் பயிலுனர் அதிகார சபை மூலம் ஒரு வேலைத்தளத்தில் சேர்ந்து வேலை பழகலாம். மொறட்டுவையில் ஜேர்மன் டெக் இருக்கிறது. இலங்கை போக்குவரத்துச் சபையின் பஸ்களைத் திருத்த ஆள் பழக்குவதற்காக 1959 இல் வெரஹெரவில் தொடங்கிய இடம் அது. வகுப்புக்குப் போக வசதியில்லாமல் வேலையில் பழகியவர்களுக்கும் வழி உண்டு. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், செய்த வேலைகளின் படமும் விபரமும் காட்டி, பரீட்சகர் முன்னால் செய்து காட்டினால் சான்றிதழ் பெறலாம். ஆகவே செய்கிற ஒவ்வொரு ஸ்டாண்டையும் கரியரையும் போனில் படம் எடுத்து, திகதி, அளவு, பாவித்த ரொட் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் என் கந்தோருக்கு வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம்.

ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு வீட்டுப் பின்பக்கத்திலும் தனித்தனியாகக் கிடுகுக்குக் கீழே செய்வதை விட, தகரக் கூரை போட்ட ஒரு பொது இடத்தில் எல்லாரும் சேர்ந்து செய்தால் ஒரு தனி வயர், இரண்டு முகமூடி, ஒரு வைஸ் போதும். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பாவிக்காமல் கிடக்கும் பழைய ஸ்டோரைத் துரையிடம் கேட்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் சம்மதம் இருந்தால் கடிதத்தை நான் எழுதுகிறேன். பாவிக்கப் போகிற பிள்ளைகள் அதில் கையெழுத்துப் போடுங்கள். பெற்றோரும் போடுங்கள்.