மோட்டார் ரூம் கூரையும் ஒரு மூட்டையும்

விளாத்திகுளம் பக்கத்துல எங்க மாமா ஊர்த் தண்ணிக்கு மோட்டார் போடுற ஆபரேட்டர். அந்த ரூமுக்குப் புதுக் கூரை டிசைன் பண்ணப் போய் நான் வாங்கின பல்பு இது.

கரிசக்காட்டு வெயில், காத்து, எல்லாத்துக்கும் கணக்குப் போட்டேன். ஜிங்க் பூசின தகரம். கீறல் விழுந்தாலும் பயமில்லை. ஜிங்க் முதல்ல தான் அரிச்சு, உள்ளே இருக்கிற இரும்பைக் காப்பாத்தும். ட்ராயிங்கைப் பார்த்த மாமா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "மாப்ள, பிளீச்சிங் பவுடர் மூட்டையை எங்க வைக்க?"

நான் மேலேருந்து வர்ற மழையை மட்டும்தான் யோசிச்சிருந்தேன். மூட்டையிலிருந்து கசியுற குளோரின், பூட்டின ரூம்ல ஈரத்தோட சேர்ந்து கூரையைக் கீழேருந்து அரிக்கும். சதுர மீட்டருக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து 120 கிராம் பூச்சுன்னா, ஒரு பக்கத்துக்கு 8 மைக்ரான் சொச்சம்தான். தலைமுடியே அதைவிடப் பல மடங்கு தடிமன். பழைய கூரையில மூட்டைக்கு நேர் மேலதான் ஓட்டை. அதே ரூம்லதான் மாமா ராத்திரி படுக்கிறார். அதை யாரும் என்கிட்ட சொல்லலை, நானும் கேக்கலை.

இப்ப மூட்டைக்குத் தனி அறை. குளோரின் காத்தைவிட சுமார் இரண்டரை மடங்கு கனம். அதனால தரையை ஒட்டியும் ஒரு சன்னல். கொத்தனார் சிரிச்சார்: "பூனை போய் வரவா தம்பி?"

கம்பி வலை அடிச்சிட்டோம்.