ஆய்வு ஆர்வம் என்ற இடத்தில் என்ன எழுதுவீர்கள்?



பிஎச்.டி. சேர்க்கைக் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். விண்ணப்பங்களில் மதிப்பெண், ப்ராஜெக்ட் எல்லாம் ஒழுங்காக இருக்கும். 'ஆய்வு ஆர்வம்' என்ற இடத்தில் மட்டும் செயற்கை நுண்ணறிவு, மெஷின் லேர்னிங், டேட்டா சயின்ஸ் என்று துறைகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும். "சரி, அதில் உன்னைத் தூங்கவிடாத கேள்வி எது?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

கேள்வியோடு இருந்தவர்களையும் பாருங்கள். கான்பூர் ஐஐடியில் நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்று இரண்டு மாணவர்கள். பி.டெக். ப்ராஜெக்டுக்குப் பேராசிரியர் மணீந்திர அகர்வாலிடம் போனார்கள். எடுத்துக்கொண்ட கேள்வியைப் பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம்: ஓர் எண் பகா எண்தானா? சிறிய எண் என்றால் வகுத்துப் பார்த்துவிடலாம். நூறு இலக்க எண்ணை அப்படிச் சோதிக்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. வேகமான வழிகள் அப்போதே இருந்தன. ஆனால் அவற்றில் சில, மிகச் சிறிய அளவிலாவது, பிழைக்கு இடம் வைத்தன. சில, நிரூபிக்கப்படாத ஊகத்தை நம்பி நின்றன. வேகமும் வேண்டும், ஐயமும் கூடாது என்றார்கள் இவர்கள். பட்டம் வாங்கிய அதே 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மூவரும் வழியைக் கண்டுவிட்டார்கள். முதலில் வெளியிட்ட கட்டுரை ஒன்பதே பக்கம். அடித்தளம் ஃபெர்மாவின் பழைய தேற்றம். பெரிய ஆய்வகமோ விலையுயர்ந்த கருவியோ அதற்குத் தேவைப்படவில்லை. 2006-ல் கோட்பாட்டுக் கணினியியலுக்கான கோடல் பரிசு அவர்களைத் தேடி வந்தது.

கருவியைவிட யோசனை முக்கியம் என்பதை எங்கள் காலமும் கற்றுத் தந்தது. நாங்கள் படித்தபோது பஞ்ச் கார்டுக் கட்டைக் கணினி மையத்தில் கொடுத்தால் மறுநாள்தான் விடை கிடைக்கும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் இன்னொரு நாள் போச்சு! அதனால் கொடுப்பதற்கு முன்பே புரோகிராமைத் தாளில் வரிவரியாக ஓட்டிப் பார்ப்போம். இன்று பட்டம் பெறும் உங்களுக்கு விடை நொடியில் வருகிறது. மிச்சமாகும் நேரத்தையாவது யோசிக்கக் கொடுங்கள்.

'நான் சிவில், எனக்கெதற்குக் கணினிக் கேள்வி' என்று யாரும் ஒதுங்க வேண்டாம். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-ல் சிவில் முடித்தவர்தான் ராஜ் ரெட்டி. மனிதப் பேச்சைக் கணினி புரிந்துகொள்ளுமா என்ற கேள்வியோடு பல்லாண்டு உழைத்தார். 1994-ல் கணினித் துறையின் டூரிங் விருது பெற்றார்.

வேலைக்குப் போங்கள், சம்பாதியுங்கள், பெற்றோரைப் பாருங்கள். கூடவே உங்களுக்கென்று ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் ஆசிரியரிடம் போங்கள். பட்டம் வாங்கிவிட்டீர்கள் என்பதற்காக அவர் கதவைச் சாத்தமாட்டார்.