பெட்டியில் கட்டும் பெயர்ச்சீட்டு
(ஹஜ் வழிகாட்டி வகுப்பில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)





தவாஃப், ஸஃயி, அரஃபா பற்றியெல்லாம் காலையில் ஹஜ்ரத் அவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குக் கொடுத்திருப்பது சின்ன விஷயம். பெட்டியில் பெயர்ச்சீட்டைக் கட்டுவது எப்படி? இதற்கும் ஒரு உரையா என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரித்துவிட்டுக் கொஞ்சம் காது கொடுங்கள்.

சாதாரண விமானப் பயணத்தில் பெட்டியைக் கவுண்டரில் போடுகிறோம், இறங்கிய இடத்தில் பெல்ட்டிலிருந்து நாமே எடுத்துக்கொள்கிறோம். ஹஜ்ஜில் பெரும்பாலும் அப்படி இல்லை. ஜித்தாவிலோ மதீனாவிலோ இறங்கியதும் நாம் ஒரு பேருந்தில் ஏறுவோம். பெட்டிகளை அங்குள்ள ஆட்கள் மொத்தமாக எடுத்து வாகனத்தில் ஏற்றுவார்கள். அதை நாம் மறுபடி பார்ப்பது தங்குமிடத்தின் வாசலில்தான். இடையில் எத்தனையோ கைகள் மாறுகின்றன. அந்தக் கைகளுக்கு நம் முகம் தெரியாது, நம் மொழியும் தெரியாது. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நாம்.

கப்பலில் உல்லாசப் பயணம் போய் வந்த பிள்ளைகள் இங்கே இருந்தால் அவர்களுக்கு இது புதிதல்ல. துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். பல மணி நேரம் கழித்து அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். அறை எண் எழுதிய சீட்டு வழியில் கிழிந்து போயிருந்தால் பெட்டி கப்பலுக்குள்ளேயே அலையும். நம் முன்னோர்களும் பம்பாய் வரை ரயிலில் போய், அங்கிருந்து கப்பலில்தான் ஜித்தா போனார்கள். அந்தக் கப்பல் போக்குவரத்து 1995ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அந்தக் கால டிரங்குப் பெட்டிகள் சில வீடுகளில் இன்னும் பரணில் கிடக்கும். இறக்கிப் பாருங்கள். பெயரையும் ஊரையும் வெள்ளைப் பெயிண்டில் பட்டையாக எழுதியிருப்பார்கள். கிழியாது, கழன்று விழாது. நாம் இன்று கடையில் இருபது ரூபாய்க்கு வாங்கித் தொங்கவிடும் அட்டையைவிட அது எவ்வளவோ மேல்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியிலிருந்து போன ஒரு தாயாருக்குச் சர்க்கரை வியாதி. நாற்பது நாளைக்கான மாத்திரைகளை மகன் பத்திரமாகப் பொதிந்து பெரிய பெட்டியில் வைத்துவிட்டார். பெட்டிக்குப் பெயர்ச்சீட்டு இருந்தது. நூல் கட்டிய காகித அட்டை. மக்காவில் அறைக்குப் போனபோது பெட்டி வரவில்லை. வேறு ஒரு கட்டடத்தின் வராந்தாவில், உரிமையாளர் தெரியாத பெட்டிகளோடு அது கிடந்திருக்கிறது. நூல் மட்டும் கைப்பிடியில் தொங்கியது, அட்டையைக் காணோம். மூன்றாம் நாள் ஒரு தொண்டர் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, துணிகளுக்கு மேலே பேத்தி நோட்டுத் தாளில் எழுதி வைத்திருந்த பெயரும் போன் நம்பரும் கிடைத்தன. அதற்குள் அந்தத் தாயார் மயங்கி விழுந்து, மருத்துவமனைக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஹஜ்ஜை முடித்து நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள்.

ஆகவே முதலில் ஒன்று. மாத்திரை, இன்சுலின், மருத்துவர் சீட்டு, கண்ணாடி எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். நேராக மக்கா போகிற ஆண்களின் இஹ்ராம் துணியும் அப்படியே. நம் விமானம் இஹ்ராம் எல்லையை வானத்திலேயே கடந்துவிடும். துணி பெட்டிக்குள் இருந்தால் என்ன செய்வீர்கள்? முதலில் மதீனா போகிறவர்களுக்கு இந்த அவசரம் இல்லை. அவர்கள் துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் அணியலாம்.

இனி சீட்டுக்கு வருவோம். கெட்டியான அட்டையில் எழுதி, லேமினேஷன் செய்யுங்கள். லேமினேஷனில் துளை போடும்போது ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளிப் போட வேண்டும். ஓரத்தில் போட்டால் ஒரே இழுப்பில் பிய்ந்துவிடும். நூலோ ரிப்பனோ வேண்டாம், பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு இறுக்கி, மிஞ்சும் வாலை நறுக்கிவிடுங்கள். நீண்டு தொங்குகிற எதையும் கன்வேயர் பெல்ட் பிடித்து இழுக்கும்.

எங்கே கட்டுவது என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மேலே நீட்டி இழுக்கிற கம்பிப் பிடியில் கட்டாதீர்கள். அதை உள்ளே தள்ளும்போது சீட்டு மாட்டிக் கிழியும். ஜிப்பின் நாக்கிலும் வேண்டாம், அந்த நாக்கே உடைந்து விழுகிறது. பெட்டியின் உடம்போடு சேர்த்துத் தைத்த, அல்லது திருகி முடுக்கிய பக்கவாட்டுக் கைப்பிடிதான் சரியான இடம். ஒரு சீட்டு மேலே, ஒன்று பக்கத்தில். மூன்றாவதை உள்ளே, துணிகளுக்கு மேல் வையுங்கள். அந்தத் தாயாருக்குக் கைகொடுத்தது அந்த மூன்றாவதுதான்.

எழுதுவது ஆங்கிலப் பெரிய எழுத்தில், பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் அப்படியே. நம் வீட்டுப் பெயர், பட்டப் பெயர், இனிஷியல் மட்டும் எழுதினால் அங்கே யாருக்கும் புரியாது. ஒரே விமானத்தில் எத்தனை ஃபாத்திமா பீவி, எத்தனை முஹம்மது இப்ராஹீம்! ஹஜ் கமிட்டி வழியாகப் போகிறவர்களுக்குக் கவர் எண்தான் உண்மையான அடையாளம். அதைப் பெயரைவிடப் பெரிதாக எழுதுங்கள். புறப்படும் விமான நிலையத்தின் பெயரையும் சேருங்கள். கட்டட எண், அறை எண் என்று இரண்டு வெற்றுக் கோடு விடுங்கள்; அவை தெரிந்ததும் மார்க்கரில் எழுதிக்கொள்ளலாம். போன் நம்பர் இரண்டு இருக்கட்டும். ஒன்று ஊரில் இருக்கும் மகனுடையதோ மருமகனுடையதோ. நாட்டுக் குறியீட்டு எண் 91ஐ முன்னால் போட மறக்காதீர்கள். கமிட்டி கேட்கிற விவரம் போக, வீட்டுக் கதவு எண், தெரு எல்லாம் வெளியே எழுத வேண்டாம். நாற்பது நாள் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று நாமே ஊருக்கு அறிவித்த மாதிரி ஆகும்.

சீட்டு போதாது, பெட்டியின் மேலேயே பெயிண்டிலோ அழியாத மார்க்கரிலோ கவர் எண்ணை எழுதுங்கள். புதுப் பெட்டியைக் கெடுக்க மனம் வராது, தெரியும். சில டிராவல்ஸ் குழுவினர் எல்லோருக்கும் ஒரே நிறப் பெட்டி கொடுக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வராந்தாவில் நூறு பச்சைப் பெட்டி வரிசையாக நிற்கும்போதுதான் அந்த அழகின் கஷ்டம் தெரியும். பழைய பயணத்தில் ஒட்டிய பார்கோடு ஸ்டிக்கர்களை, சின்னத் துண்டுகளைக்கூட விடாமல், சுரண்டி எடுங்கள். இயந்திரம் அதைப் படித்துவிட்டால் குழப்பம். கயிறு கட்டிய பெட்டி, துணியில் சுற்றிய மூட்டை, உருண்டைப் பை இவற்றை ஜித்தா விமான நிலையத்தில் ஏற்க மாட்டார்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கயிறு கட்டும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் இப்போதே சொல்லி வைக்கவும்.

விமானக் கம்பெனி தன் பங்குக்கு ஒரு நீளச் சீட்டைக் கைப்பிடியில் சுற்றி ஒட்டும். அதில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். அதே எண் உள்ள சின்னத் துண்டு நமக்குத் தரப்படும். குழுவாகப் போகும்போது எல்லாத் துண்டுகளையும் ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவது வழக்கம். உங்களுடையதைக் கேட்டு வாங்கி, போனில் படம் எடுத்து, ஊரில் உள்ள பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள். பெட்டியின் படமும் கூடவே போகட்டும். ‘நீலக் கலர், நடுத்தர சைஸ்’ என்று சொல்லிப் பெட்டி தேட முடியாது.

உம்ரா போகிறவர்கள் பெல்ட்டில் பெட்டி வராவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அங்குள்ள கவுண்டரில் புகார் எழுதி, அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாகக் கிடைத்தால் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பது மான்ட்ரியல் உடன்படிக்கையின் விதி. 21 நாளாகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகவே கொண்டு இழப்பீடு கேட்கலாம்.

வராந்தாவில் இன்னொருவரின் பெட்டியை நாம் தூக்கிக்கொண்டு போவதும் நடக்கிறது. நிறம் பார்த்து எடுக்காதீர்கள், எண் பார்த்து எடுங்கள். அந்தப் பெட்டிக்குள் யாருடைய மாத்திரை இருக்கிறதோ! உரிமையாளர் தெரியாமல் ஏதாவது கிடந்தால் கட்டடப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். மக்காவில் தவறிக் கிடக்கும் பொருளை, உரியவரைத் தேடி அறிவிப்பவரைத் தவிர வேறு எவரும் எடுக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மினாவுக்குப் போகும்போது பெரிய பெட்டி அறையிலேயே இருக்கும், சின்னப் பை மட்டும் வரும். அந்தப் பைக்கும் ஒரு சீட்டு வேண்டும், அதில் கூடார எண்ணோடு. திரும்பும்போது விமானத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பே பெட்டிகளை அறையிலேயே எடைபோட்டு எடுத்துப் போய்விடுவார்கள். அதனால் போகும்போது கட்டிய சீட்டு வரும்போதும் இருக்கிறதா என்று அதற்கு முந்தின இரவே பாருங்கள். இரண்டு வெற்றுச் சீட்டும் நான்கு கேபிள் டையும் ஒரு மார்க்கரும் பெட்டிக்குள் கிடக்கட்டும்.

இன்ஷா அல்லாஹ், வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு மதரஸாவில் லேமினேஷன் மெஷினோடு நம் தொண்டர்கள் இருப்பார்கள். கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட் நகலும் கவர் எண்ணும் கொண்டுவாருங்கள். பெட்டியைக் காலியாகவே கொண்டுவரவும். போன வருடம் ஒருவர் இருபது கிலோவோடு மாடிப்படி ஏறி வந்துவிட்டார். எழுத்து அழகாக உள்ள பேரன், பேத்திகள் யாரானாலும் கூட வரட்டும், வேலை இருக்கிறது.