ஏணி ஒன்றுதான்

(சங்கரன்கோவிலில் இளைஞர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வன்கொடுமை வழக்குகளைத்தான் ஆய்வு செய்கிறேன் என்றதும் தம்பி ஒருவர் கேட்டார்: "இங்க உள்ள கோர்ட்ல நியாயம் கிடைக்கலன்னா மத்திய அரசு கோர்ட்டுக்குப் போலாமாக்கா?" போக முடியாது தம்பி. அப்படி ஒரு தனி வரிசை நம் நாட்டில் இல்லை.

அமெரிக்காவில் இருக்கிறது. மாநிலங்களுக்கு ஒரு நீதிமன்ற வரிசை, ஒன்றிய அரசுக்கு இன்னொன்று. 1964இல் மிசிசிப்பியில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக வேலை செய்த மூன்று இளைஞர்களை வெள்ளை இனவெறியர்கள் கொன்றார்கள். மாநில அரசு அப்போது கொலை வழக்கே போடவில்லை. குடிமை உரிமைகளைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்று ஒன்றிய அரசு தன் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தி, 1967இல் ஏழு பேருக்குத் தண்டனை வாங்கியது.

இங்கே ஆட்சி இரண்டாக இருந்தாலும் நீதித்துறை ஒன்றுதான் என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். சாதாரண அடிதடி வழக்கு நம் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும். வன்கொடுமை வழக்கு அதற்கான சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும். இரண்டும் அடுத்தடுத்து ஏறுவது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும் டெல்லி உச்ச நீதிமன்றத்துக்கும்தான். 2004 ஜூலையில் மதுரைக் கிளை வரும்வரை நம் மக்கள் சென்னைக்கு அலைந்தார்கள்.

ஒரே ஏணியால் நமக்குப் பலனும் உண்டு. 2015 ஜூனில் கோகுல்ராஜ் ஆணவக் கொலை செய்யப்பட்டார். நாமக்கல் விசாரணையில் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். அவரது தாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கீழமை நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் இருப்பதால், 2019இல் வழக்கை மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்ற முடிந்தது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை. யுவராஜ் உள்ளிட்டோரின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆபத்தும் உண்டு. மேலே இருக்கும் நீதிபதி பெரும்பாலும் கீழே பதிவானதைத்தான் படிப்பார். சாதியைச் சொல்லித் திட்டியதை எப்.ஐ.ஆரில் எழுதாமல் விட்டால், அந்த ஓட்டை டெல்லிவரை கூடவே வரும். வேறொரு வரிசையில் புதிதாகத் தொடங்க வழி கிடையாது.

அதனால் நம் வேலை அடிப்படியில்தான் இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 15ஏ பிரிவைப் படியுங்கள். எப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும். எதிரி ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர் பேச்சையும் கேட்க வேண்டும். விசாரணைக்கு வந்துபோகும் செலவு கொடுக்க வேண்டும். விசாரணையை வீடியோவில் பதிய வேண்டும். மூத்த வழக்கறிஞர் வேண்டும் என்று கலெக்டரிடம் மனு கொடுக்க, 1995 விதிகளில் 4(5) இடம் தருகிறது. கோகுல்ராஜ் வழக்கில் ப.பா.மோகன் அரசுத் தரப்பில் வாதாடியது எவ்வளவு உதவியது என்று நாம் பார்த்தோம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். புகார் கொடுக்கப் போகும் யாரையும் ஸ்டேஷனுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். கூடப் போங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விட்டுப்போனதை அங்கேயே சேர்க்கச் சொல்லி, அதன்பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.