பூசைக்கு வைத்த சரித்திரம்

(பேராவூரணிக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



நமது பழைய வீட்டுப் பரணில் ஒரு புத்தகம் கிடந்தது. சதாசிவ பண்டாரத்தார் எழுதி, 1949ல் அண்ணாமலை சர்வகலாசாலையார் வெளியிட்ட சோழர் சரித்திரத்தின் முதற்பாகம் அது. வருஷந்தோறும் சரஸ்வதி பூசையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்களேயொழிய, பிரித்துப் படித்தவர் ஒருவருமில்லை. பூசை நாளில் படிக்கவே கூடாது என்று தடை வேறு!

இப்போதுதான் அதைப் படித்தோம். பிறகு பெரிய கோவில் கல்வெட்டையும் பார்த்தோம். 1010ல் முடிந்த அக்கோவிலுக்கு, பல ஊர்க் கோவில்களிலிருந்து 400 பெண்களை இராஜராஜன் கொண்டுவந்து குடிவைத்தான். ஆளுக்கு ஒரு வீடு; வருஷத்துக்கு 100 கலம் நெல். பேரும் ஊரும் கல்லில் இருக்கின்றன. அவர்கள் சம்மதத்தைக் கேட்டதாக ஒரு வரியுமில்லை.

“வீடும் நெல்லும் கொடுத்தானே, குறையென்ன?” என்பார்கள். அப்படியானால், தங்கள் வீட்டுப் பெண்ணை அனுப்பச் சம்மதிப்பார்களா? பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டுத் தடுக்க 1947 வரை ஆயிற்றே!

கோபுரத்தின் உயரத்தைச் சொல்லிப் பூரிக்கிறவர்கள் இந்த 400 பேரைச் சொல்லுவதில்லை. ஏன்? படிக்காமல் கும்பிட்டதுதான் காரணம். ஆகையால் தோழர்களே, உங்கள் வீட்டிலும் புத்தகமிருந்தால் குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். பெண்டு பிள்ளைகளுக்கும் படித்துச் சொல்லுங்கள்.